புளி கரைக்கத் தெரியாத பிள்ளைகள்



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு உவமைத்தொடர்ப் பாடம் நடத்தினேன். ‘ஆற்றில் கரைத்த புளி போல’ என்னும் தொடரை வாயால் சொல்லி, அதைக் கேட்டு எழுதும்படி கூறினேன். பொருளை அவரவரே ஊகித்து எழுத வேண்டும். பக்கத்தில் ஒரு படமும் வரைய வேண்டும். புத்தகத்தைப் புரட்டக்கூடாது. இவ்வளவுதான் கட்டளை.

அன்று மாலை ஏடுகளைத் திருத்த அமர்ந்தபோது, ஒரு மாணவனின் ஏட்டில் அழகான ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் நடுவே கழுத்தளவு நீரில் ஒரு புலி! ‘ஆற்றில் கரைத்த புலி போல’ என்று எழுதி, கீழே பொருளும் தந்திருந்தான்: ‘புலி ஆற்றில் இறங்கினால் அதன் கோடுகள் கரைந்துவிடும். பிறகு யாரும் அதற்குப் பயப்பட மாட்டார்கள்.’

ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். லகர ளகர மயக்கம் நமக்குப் புதிதா என்ன? சிவப்பு மையால் ‘லி’யை ‘ளி’யாக மாற்றிவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தேன்.

அடுத்தடுத்த ஏடுகளைப் பார்க்கப் பார்க்கத்தான் சிரிப்பு அடங்கியது. ‘புளி’ என்று பிழையின்றி எழுதியவர்களும் புளியம்பழம் மரத்திலிருந்து ஆற்றில் விழுவதாகத்தான் வரைந்திருந்தனர். ‘புளி பட்டால் மீன்கள் செத்துவிடும்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ‘கரைத்த’ என்னும் சொல் எவர் படத்திலும் இல்லை. எழுத்துப்பிழை ஒருவனுடையது, அறியாமை வகுப்பு முழுவதற்கும் பொதுவானது. உண்மையைச் சொன்னால் புலி வரைந்தவன்தான் ‘கரைத்த’ என்ற சொல்லுக்கு ஏதோ ஒரு பொருள் தேடியிருந்தான்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். “வீட்டில் புளி கரைப்பதைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள்.” நான்கு கைகள் உயர்ந்தன. நால்வருமே பாட்டி வீட்டில் பார்த்தவர்கள். “சாம்பார் சாப்பிட்டவர்கள்?” என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன! தோசைக்கும் இட்டிலிக்கும் வாரத்திற்கு இருமுறையாவது சாம்பார் உண்கிறார்கள். அது எப்படி உண்டாகிறது என்பது மட்டும் தெரியாது.

நான் விடவில்லை. சாம்பார் வைக்கும் முறையைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கினேன். வீட்டுச் சமையலே தாய்மொழியின் பள்ளிக்கூடம் என்றெல்லாம் பேசினேன். (மேடைப் பேச்சு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே.) முடித்தபோது அந்தப் புலிக்காரன் எழுந்து நின்றான்.

“ஐயா, நீங்க வீட்டுல சாம்பார் வைப்பீங்களா?”

“வைப்பேன்” என்றேன்.

பொய். என் வாழ்நாளில் அதுவரை நான் ஒருமுறைகூடச் சாம்பார் வைத்ததில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பொய்யிலிருந்து பிறந்தது.

நான் பிறந்து வளர்ந்தது பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அம்மா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் கடந்திருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் மரக்கறி. காட்டு உடையைக் களைந்து குளித்துவிட்டு நேரே விறகடுப்பின் முன் அமர்வார். லயத்தின் பின்புறம் ஒரு முருங்கை மரமும் கறிவேப்பிலைச் செடியும் இருந்தன. பருப்பும் புளியும் கடையில் கணக்கெழுதி வாங்கியவை. அம்மியில் வறுத்த மல்லியும் மிளகாயும் அரைபடும் ஓசை முன்கூடத்தில் எனக்குக் கேட்கும். நான் எழுந்து உள்ளே போனால், “படிக்கிற புள்ளைக்கு அடுப்பாங்கரையில என்ன வேலை? போய்ப் படி” என்று விரட்டுவார். அக்காவுக்கு அந்த விலக்கு இல்லை. அவரும் படிக்கிற பிள்ளைதான். ஆனால் பெண் பிள்ளை.

இப்படித்தான் நான் படித்து ஆசிரியரானேன். அம்மா மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அந்தச் சாம்பாரின் அளவு எந்தத் தாளிலும் இல்லை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த எனக்கோ கேட்கத் தோன்றவில்லை.

இன்று என் வீட்டு நிலை என்ன? மனைவி தாதியர், காலை வேலை, மாலை வேலை, இரவு வேலை என்று மாறி மாறி வரும். நானோ பிற்பகலில் புறப்பாட நடவடிக்கை, கூட்டம் என்று அலைபவன். வீட்டருகில் உணவகம் இருக்கிறது. நெகிழிப்பையில் ஊற்றி ரப்பர் வளையத்தால் முடிச்சிட்டுத் தருகிறார்கள். முடிச்சை அவிழ்த்துக் கிண்ணத்தில் ஊற்றினால் சாம்பார் ஆயிற்று! என் மகனுக்குத் தெரிந்த ஒரே சாம்பார்ச் செய்முறை அதுதான். ஊரார் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் முழங்கியவன் வீட்டுக் கதை இது.

ஆகவே அந்தப் பொய்யை மெய்யாக்குவது என முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்குக் காலை வேலை. சந்தையிலிருந்து முருங்கைக்காய், கத்தரிக்காய், கேரட், தக்காளி வாங்கிவந்தேன். அழுத்தச் சமையற்கலத்தைக் கண்டால் எனக்கு அச்சம். எனவே பெரிய சட்டியில் துவரம் பருப்பு, காய்கள், புளிக்கரைசல், உப்பு, தூள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். எல்லாம் கடைசியில் ஒன்றாகப் போவதுதானே, முதலிலேயே ஒன்றாகப் போனால் என்ன என்பது என் கணக்கு. ஒரு மணி நேரம் கொதித்தது. பருப்பு பருப்பாகவே நின்றது. கேரட்டைக் கடித்தால் நறுக்கென்றது.

அக்காவுக்குத் தொலைபேசினேன்.

“புளிய எப்ப ஊத்துனே?”

“முதல்லயே.”

“பின்ன எப்படிடா வேகும்? புளி விழுந்தா பருப்பு வேகாது. அம்மா எத்தனை தடவ சொல்லியிருக்காங்க! நீ கேட்டதே இல்லையா?”

எங்கே கேட்டேன்? முன்கூடத்தில் அல்லவா இருந்தேன்!

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று நாம் எத்தனை முறை கேலி பேசியிருப்போம். பருப்பு வேகாமல் போவது என்றால் என்ன என்பதை நாற்பது வயதைக் கடந்து அன்றுதான் அறிந்தேன். காரணம் அறிவியல் ஆசிரியர்களுக்குத் தெரிந்ததே. காய்களிலும் பருப்பிலும் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் வெந்நீரில் கரைந்து இளகினால்தான் அவை மிருதுவாகும். புளியின் அமிலம் அந்தக் கரைதலைத் தடுக்கிறது. லிட்மஸ் தாளை நனைத்து நிறமாற்றத்தைக் காட்டிவிட்டு ‘அமிலம்’ என்று எழுதச் சொல்கிறோமே, அதே அமிலம்தான் என் பருப்பை வேகவிடாமல் செய்தது.

அடுத்த ஞாயிறு அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தொடங்கினேன். நால்வருக்கு முக்கால் குவளைத் துவரம் பருப்பு. அதை நான்கைந்து முறை அலசி, அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று மடங்கு நீரும் சிறிது மஞ்சளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைக்க வேண்டும். எண்ணெய் விட்டால் நுரை பொங்கி வழியாது. இம்முறை அச்சத்தை விட்டு அழுத்தச் சமையற்கலத்திலேயே வைத்தேன். நான்கு விசில். ஆவி தானே அடங்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. வெந்த பருப்பை மத்தால் கடைய வேண்டும். மத்து இல்லாத வீட்டில் கரண்டியின் முதுகால் மசிக்கலாம். எங்கள் வீட்டில் மத்து இல்லை.

எலுமிச்சை அளவுப் புளியை வெந்நீரில் ஊறவைத்து மகனிடம் கொடுத்தேன். விரல்களால் பிசைந்தான். முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு நீர் பழுப்பாகி, கையில் கோதும் நாரும் மட்டும் மிஞ்சியபோது, “அப்பா, புளி காணோம்!” என்றான். ஒரு கிண்ணத்து நீரிலேயே காணாமற்போவது ஓடுகிற ஆற்றில் என்ன ஆகும்? உவமைத்தொடரை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மற்றொரு சட்டியில் சின்ன வெங்காயத்தை வதக்கி, முருங்கைக்காயையும் கேரட்டையும் முதலில் போட்டு, அவை பாதி வெந்தபின் கத்தரிக்காயும் தக்காளியும். கத்தரிக்காயை நறுக்கியவுடன் நீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். காய்கள் முக்கால் பதம் வெந்த பிறகே புளிக்கரைசலும் சாம்பார்த் தூளும் உப்பும். தூளின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவேண்டும். அதன்பின் பருப்பைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கடைசியில் தாளிப்பு. கொதிக்கும் எண்ணெய் சிறுவர் கைக்கு ஆகாது. அதை நான் செய்தேன், மகன் எட்ட நின்று பார்த்தான்.

“அப்பா, எண்ணெய் காய்ஞ்சிடுச்சான்னு எப்படித் தெரியும்? அது எப்படிக் காயும், ஈரமாத்தானே இருக்கு?”

துணி காய்கிறது, நிலா காய்கிறது, எண்ணெயும் காய்கிறது. ஒரே வினை. வகுப்பில் பல்பொருள் ஒருசொல் என்று கரும்பலகையில் எழுதினால் அது பாடம். அடுப்பருகே அது அவன் தானாகக் கேட்ட கேள்வி. ஒரு கடுகைப் போட்டுப் பார்த்தோம். அது வெடித்தது. மீதிக் கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். வெந்தயம் சற்றே கருகிவிட்டது. அதனால் ஒரு கசப்பு இருந்தது. ஆயினும் சாம்பார்!

மொழி ஆசிரியன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இங்கேதான் இருக்கிறது. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் வினைச்சொற்கள் வற்றிக்கொண்டே வருகின்றன. பெயர்ச்சொற்களை அட்டையில் எழுதி, படம் காட்டிக் கற்பித்துவிடலாம். வினைச்சொல்லைப் படத்தில் காட்டுவது கடினம். ‘நான் உதவிய நாள்’ என்று எழுதச் சொன்னால், ‘வெங்காயத்தைச் சமைத்தேன், கடுகைச் சமைத்தேன், பருப்பைச் சமைத்தேன்’ என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றையும் ‘ஃப்ரை’ செய்துவிடுகிறார்கள். தமிழில் மல்லியை எண்ணெயின்றி வறுக்கிறோம். வெங்காயத்தைச் சிறிது எண்ணெயில் வதக்குகிறோம். அப்பளத்தை நிறைந்த எண்ணெயில் பொரிக்கிறோம். கடுகையும் கறிவேப்பிலையையும் தாளிக்கிறோம். நான்கும் நான்கு செயல்கள். அரிசியைக் களைகிறோம், பருப்பை அலசுகிறோம், கீரையை ஆய்கிறோம், தேங்காயைத் துருவுகிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், முருங்கைக்காயின் நாரைச் சீவுகிறோம். ஒரு சட்டிச் சாம்பார் முடிவதற்குள் இருபது வினைச்சொற்களாவது வாயில் புழங்கிவிடும். நான் எண்ணிப் பார்த்தேன்.

இலக்கண ஆசிரியர்களுக்கு இன்னொன்று. தன்வினை, பிறவினை கற்பிக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! வெங்காயம் வதங்கியது, வெங்காயத்தை வதக்கினேன். ஆவி அடங்கியது, தீயை அடக்கினேன். புளி கரைந்தது, புளியைக் கரைத்தேன். பருப்பு மசிந்தது, பருப்பை மசித்தேன். பொருள் தானே மாறுவதும் நாம் அதை மாற்றுவதும் அடுப்படியில் கண்முன் நடக்கின்றன. “வதங்கிடுச்சா?” “இன்னும் கொஞ்சம் வதக்கு” என்று இரண்டு முறை கேட்ட பிள்ளைக்கு அட்டவணை தேவைப்படாது. ‘பொரி’க்கும் ‘பொறி’க்கும் உள்ள வேறுபாடும் அப்படியே. அப்பளம் பொரிவதைப் பார்த்தவனுக்கு எந்த ‘ரி’ என்பதை நினைவூட்ட ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

உவமைகளையும் பழமொழிகளையும் பாருங்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தேவைக்குப் பயன்படுத்திவிட்டு ஒதுக்குபவரைப் பற்றிக் ‘கறிவேப்பிலை போல’ என்கிறோம். இவையெல்லாம் சமையற்கட்டில் பிறந்து, நம் பயிற்சி நூல்களில் வந்து குடியேறியவை. பிறந்த இடத்தைப் பார்க்காத பிள்ளை அவற்றை மனனம் செய்கிறான், கோடிட்ட இடத்தை நிரப்புகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். அகப்பை என்றால் என்னவென்று கேட்டால் விழிக்கிறான். ‘செய்யுளும் மொழியணியும்’ பகுதியை நாம் நடத்துவதும் பல வகுப்புகளில் ஆற்றில் கரைத்த புளிதான்.

இனி, பெற்றோர் சொல்லும் மறுமொழிகளுக்கு வருகிறேன்.

‘நேரமில்லை’ என்பது முதல் மறுமொழி. பொய் என்று சொல்லமாட்டேன். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஒருவரிடம் அம்மியைத் தூக்கி வைக்கச் சொல்வது அறமாகாது. ஆனால் நான் வைத்த சாம்பாருக்கு, பருப்பு ஊறிய நேரம் போக, ஐம்பது நிமிடம் ஆனது. அக்காவுக்கு அரை மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள், அதிலும் ஞாயிற்றுக்கிழமை, ஐம்பது நிமிடம் இல்லை என்றால் அந்த வீட்டில் சாம்பாரைவிடப் பெரிய சிக்கல் ஏதோ இருக்கிறது.

‘கடைத் தூள் போட்டால் அது பாரம்பரியமா?’ என்று ஒரு தோழர் கேட்டார். தாராளமாகப் போடுங்கள். பாபாஸ் தூள் இல்லாத மலேசியத் தமிழர் வீடு ஏது? மல்லி, மிளகாய், கடலைப் பருப்பு, வெந்தயம், மிளகு, சீரகம் வறுத்து, தேங்காயோடு அரைத்துவிட்டுச் செய்தால் மணமே வேறு, அதில் ஐயமில்லை. அம்மா அப்படித்தான் செய்தார். ஆனால் தூள் வாங்குகிறோமே என்ற குற்றவுணர்வில் சாம்பாரையே கடையில் வாங்குவது விந்தை. துவரம் பருப்பு இல்லையென்றால் மைசூர்ப் பருப்பு. அது ஊறவும் வேண்டாம், விரைவில் வெந்துவிடும். வெண்டைக்காய் போடுவதானால் தனியே வதக்கிப் போடுங்கள், வழுவழுப்புக் குறையும். இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பயற்றங்காயும் நன்றாகவே இருக்கும்.

‘சாம்பார்’ தமிழ்ச்சொல்லா என்று என்னைப் போன்ற தமிழாசிரியர்கள் தொடங்கிவிடுவார்கள். தஞ்சையை 1670களிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆண்டனர். அவர்கள் அரண்மனை அடுக்களையில், கோகம் என்னும் புளிப்புக்காய் தீர்ந்துபோனதால் புளியைப் போட்டுப் பருப்புக் குழம்பு செய்தார்கள்; விருந்தினராக வந்த சம்பாஜியின் பெயர் அதற்கு வாய்த்தது என்றொரு கதை உலவுகிறது. செவிவழிக் கதை, வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று. எனக்கு இந்த ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு. ஆனால் மாணவன் கட்டுரையில் ‘சாம்பார்’ என்று எழுதினால் அடித்துவிட்டுப் ‘பருப்புக் குழம்பு’ என்று திருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அந்தச் சட்டிக்குள் இருப்பதில் பாதி வந்தேறியவைதாம். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. ஐரோப்பியரின் கப்பல்களில் வந்தவை. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில் வளரும் செடியின் பிசின். புளிக்கே தாயகம் ஆப்பிரிக்கா. அரபியர் அதை ‘இந்தியப் பேரீச்சை’ என்றனர். இங்கே மலாய்க்காரர்கள் ‘அசாம் ஜாவா’ என்கிறார்கள்! வந்த பொருள்களுக்கெல்லாம் நம் முன்னோர் பெயர் சூட்டினார்கள். மிளகைப் போல் உறைத்த காயை ‘மிளகாய்’ என்றார்கள். அந்தத் துணிவு அடுப்பு எரிந்த வீடுகளில் இருந்தது. கேரட்டுக்கு நாம் இன்னும் நல்ல பெயர் வைத்தபாடில்லை. அது வேறு கதை.

ஆசிரியர்களிடம் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. தேர்வு போனபின்னும் மாதிரிக் கட்டுரை மனப்பான்மை போகவில்லை. வகுப்பறை மதிப்பீடு வந்தாலும் பிள்ளைகள் எழுதுவது யாரோ எழுதிய சொற்களைத்தான். நானும் அச்சிட்டுக் கொடுத்தவன்தான். ஆனால் இதைப் படித்துவிட்டு, ‘சாம்பார் வைத்துப் படம் எடுத்துப் புலனத்தில் அனுப்புக’ என்று நாளையே ஓர் இடுபணி கொடுத்துவிடாதீர்கள்! என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அம்மா வைப்பார், பிள்ளை கரண்டியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்பான், ஏற்கெனவே களைத்த ஒரு பெண்மணிக்கு இன்னொரு வேலை சேரும். அதைவிட, அடுத்த வாரம் வகுப்புக்கு ஒரு வினைச்சொல்லை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘வீட்டில் யாராவது சமைக்கும்போது கேட்ட ஒரு வினைச்சொல்.’ அவ்வளவு போதும். வீட்டில் சமையலே இல்லாத பிள்ளை இருப்பான். அவனை எழுப்பி நிறுத்தாதீர்கள். ஒரு கட்டிப் புளியும் ஒரு கிண்ணம் நீரும் வகுப்பறைக்கு வர ஒரு ரிங்கிட்டுக்கு மேல் ஆகாது.

தந்தையரே, உங்களிடம் ஒன்று. சாம்பார் வைக்கும் வேலையைத் தாய்மாரின் தலையில் கட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. ‘அந்தக் காலத்துப் பெண்கள் சமைத்தார்கள், இந்தக் காலத்துப் பெண்கள் சமைப்பதில்லை’ என்று திருமண வீடுகளில் பேசும் ஆண்களோடு நானும் தலையாட்டியிருக்கிறேன். என் தாயார் பால்மரம் வெட்டிக் களைத்துவந்து அடுப்பூதியபோது, மூன்று ஆண்கள் முன்கூடத்தில் இருந்தோம். அந்தக் கைப்பக்குவம் அக்காவிடம் மட்டும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் நாங்கள்தாம். மகன்களை உள்ளே அழையுங்கள். நீங்களும் உள்ளே வாருங்கள். பேசிக்கொண்டே செய்யுங்கள். சொல் தெரியாவிட்டால் உங்கள் அக்காவுக்கோ அத்தைக்கோ தொலைபேசியில் கேளுங்கள். அவர்கள் திட்டுவார்கள். பரவாயில்லை.

இனி அந்தப் பொய்யின் கணக்கைத் தீர்க்க வேண்டும். மறு திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். “அன்றைக்கு வைப்பேன் என்று சொன்னது உண்மையன்று. அப்போது எனக்குச் சாம்பார் வைக்கத் தெரியாது. நேற்றுத்தான் வைத்தேன். அதற்கு முந்திய ஞாயிறு பருப்பு வேகவில்லை. நேற்று வெந்தயம் கருகிவிட்டது.” வகுப்பு ஓர் கணம் அமைதியாக இருந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆசிரியருக்குப் பருப்பு வேகவில்லை என்பதில் பிள்ளைகளுக்கு என்னதான் மகிழ்ச்சியோ!

புலிக்காரன் சிரிக்கவில்லை. இடைவேளையின்போது என்னிடம் வந்து வலது கையை விரித்துக் காட்டினான்.

“ஐயா, எங்க பாட்டி வந்திருக்காங்க. நேத்து நான்தான் புளி கரைச்சேன். நகத்துக்குள்ள எல்லாம் போயிடுச்சு, பாருங்க.”

நகக்கண்ணில் பழுப்பு ஒட்டியிருந்ததா இல்லையா என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இருந்ததாகவே சொன்னேன், இது இரண்டாவது பொய்யாகவும் இருக்கலாம். அன்று வகுப்பில் அதே உவமைத்தொடரை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னேன். அவன் எழுதியது இது: ‘கைப்பேசியில் விளையாடாதே என்று அக்காள் தம்பிக்குக் கூறிய அறிவுறை ஆற்றில் கரைத்த புளி போல ஆனது.’

‘ளி’ சரியாக இருந்தது. ‘அறிவுறை’யில் ‘றை’யை ‘ரை’யாக்க மறுபடியும் சிவப்பு மையை எடுத்தேன்.